அஞ்சு நிமிசம்தானே என்று விட்டோம்

மட்டக்களப்பு நாவற்குடாவில் சூதாட்டம் இல்லையென்றே இவ்வளவு காலமும் சொல்லி வந்தோம். கசினோ கொழும்பில் இருக்கிறது. அதற்குள் நுழைய இலங்கையருக்கு 50 டொலர் வரி இருந்தது. 2025 இல் அதை 100 டொலராக்கினார்கள். நம்மில் யார் அந்தப் பக்கம் போகப்போகிறோம்? ஊருக்குள் என்றால், எங்காவது ஒரு வளவின் பின்புறத்தில் பாயை விரித்துக் காசுக்குக் கடதாசி விளையாடுவார்கள். பொலிஸ் வரும், ஓடுவார்கள், அடுத்த நாள் பத்திரிகையில் நாலு வரி வரும். ஓர் இடம், ஒரு கூட்டம், ஒரு பாய்: சூதென்றால் இவற்றைத் தேடித்தான் நமக்குப் பழக்கம். மூன்றும் இல்லாமல் அது வீட்டுக்குள் வந்தபோது நாம் காணவில்லை.

நாம் என்றால் பெற்றார், பள்ளிக்கூட ஆசிரியர், டியூசன் ஆசிரியர், கோயில் நிருவாகம், விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம், ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும்தான். கல்லடிப் பாலத்தில் தொடங்கிக் காத்தான்குடி எல்லை மட்டும் இந்த விசயத்தில் ஆளுக்காள் வித்தியாசம் இல்லை.

வந்தது இப்படி. போன் திரையில் ஒரு சின்னச் சிவப்பு விமானம். கிளம்பி மேலே ஏறுகிறது. ஏற ஏற நடுவில் ஓர் எண் பெருகுகிறது: 1.00, 1.15, 1.40, 2.10. நூறு ரூபா கட்டியவர் 2.10 இல் பொத்தானை அமத்தினால் 210 ரூபா. அமத்துவதற்குள் விமானம் மறைந்தால் நூறும் போச்சு. சில தரம் ஏறத் தொடங்கும்போதே மறைந்துவிடும், விரலை அசைக்கவும் நேரம் இராது. அடுத்த தரம் காசு கட்டச் சில வினாடிதான். ஓரத்தில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிய காசும் வென்ற காசும் வரிவரியாக ஓடுகின்றன. வென்றவருடைய வரி பச்சையாகிறது. அதைப் பார்க்கிறவனுக்கு உலகத்தில் எல்லாரும் வெல்கிறார்கள், தான் ஒருத்தன் மட்டும் கொஞ்சம் பிந்திவிட்டான். ஏவியேட்டர் என்ற பெயரில் 2019 இல் வெளிவந்த ஆட்டம் இது. அதே அச்சில் ரொக்கெட் பறக்கிற ஆட்டமும் கண்ணிவெடி தேடுகிற ஆட்டமும் பழம் சுழல்கிற ஆட்டமுமாக இன்று எத்தனையோ கிடக்கின்றன. (கண்ணிவெடியை விளையாட்டாக்கி அதை நம்முடைய பிள்ளைகளிடமே கொண்டுவந்திருக்கிறார்கள். அதை என்னவென்று சொல்ல.)

இந்த ஆட்டங்களை நடத்துகிறவர்கள் மறைக்காமல் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். கட்டுகிற காசில் 97 வீதம் ஆடுகிறவர்களுக்கே திரும்புகிறதாம், தங்களுக்கு 3 வீதம்தானாம். கேட்க நியாயமான வியாபாரம் போலத்தான் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் கூட இதைவிட இலாபம் வைப்பார். ஆனால் ஒரு சுற்றுப் பத்து வினாடி என்று வைத்துப் பாருங்கள். நிமிசத்துக்கு ஆறு சுற்று, பத்து நிமிசத்தில் அறுபது. நூறு நூறாகக் கட்டினால் 6,000 ரூபா கை மாறியிருக்கும். அதில் 3 வீதம் 180 ரூபா. ஒரு நாளில் ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் பத்து நிமிசம் என்றால் 900 ரூபா. முப்பது நாளுக்கு 27,000. தனியார் துறை ஊழியருக்கு அரசு 2025 ஏப்ரலில் விதித்த ஆகக்குறைந்த மாதச் சம்பளமும் சரியாக அதே 27,000 ரூபாதான். இத்தனைக்கும் இது நிதானமாக, தொகையைக் கூட்டாமல் ஆடுகிறவருக்கான சராசரி. தோற்றதை எடுக்க வேண்டுமென்று இருநூறு, நானூறு, எண்ணூறு என்று கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு ஓர் இரவுக்கே போதாது.

லொத்தர் சீட்டு 40 ரூபா. விழாவிட்டால் நாற்பதும் போகும், ஆனால் அடுத்த சீட்டிழுப்பு மட்டும் காத்திருக்க வேண்டும். தட்டோடு சந்தியில் நின்று சீட்டு விற்கிறவரைக் கண்டால் முகத்தைச் சுளித்த நாம், 97 வீதம் திருப்பித் தருகிற ஆட்டம் அதைவிட எத்தனை மடங்கு உறிஞ்சும் என்று கணக்குப் போடவில்லை. சதவீதக் கணக்கைக் கரும்பலகையில் வருடா வருடம் போடுகிற ஆசிரியர்கள் நம்மிடையே நிறையப் பேர். இந்தக் கணக்கை ஒரு நாளும் பலகையில் போட்டதில்லை.

போடாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமென்று சொல்ல முடியாது. நாம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை மூன்று மணித்தியாலம் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடினால் ஏசினோம். விடிய விடியப் படம் பார்த்தால் வைபையை நிறுத்தினோம். பெற்றார் கூட்டங்களில் பேசியதெல்லாம் ‘எவ்வளவு நேரம் போன் பார்க்கிறார்கள்’ என்பதுதான். இந்த ஆட்டமோ நேரத்தைக் கேட்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, டியூசன் இடைவேளையில், கழிவறைக்குள், ஆட்டோவை நிறுத்திவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் காத்திருக்கும்போது, இரண்டு நிமிசம், ஐந்து நிமிசம்.

“என்ன மனே செய்யிறாய்?”

“கேம் ஒண்டும்மா. அஞ்சு நிமிசம்.”

“சோறு ஆறுது. கெதியா வா.”

சொன்னபடி அஞ்சு நிமிசத்தில் வந்து சாப்பிட்டான். நல்ல பிள்ளை. அதற்குள் முப்பது சுற்று முடிந்திருந்தது.

பிள்ளை கண்முன்னே, வீட்டுக்குள், கட்டிலில் கிடந்தால் போதும் என்கிற நிம்மதி இங்கே ஒரு தலைமுறையின் இரத்தத்தில் ஊறியது. இரவில் வெளியே போனவன் திரும்பி வராத காலத்தைக் கண்ட ஊர் இது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்ததையும் கண்ட கரை. ஆபத்தென்றால் அது வெளியிலிருந்து, சத்தத்தோடு வரும் என்று நம் உடம்பே படித்து வைத்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது, சூம் வகுப்புக்கும் வட்ஸ்அப்பில் வருகிற பயிற்சித் தாளுக்குமாகக் கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் போன் வாங்கிக் கொடுத்தோம். கட்டாரில் இருக்கிற தகப்பன் பார்சலில் அனுப்பினார். கொடுத்தது தப்பில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு அந்தப் போன் என்ன செய்கிறது என்று கேட்காமல் விட்டோம்.

முந்நூற்றிநாலு என்ற கடதாசி ஆட்டம் தெரியாத வீடு இங்கே குறைவு. முப்பத்திரண்டு கடதாசி, யாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, நாலு பேர், துரும்பை ஒளித்து வைத்துக்கொண்டு கேள்வி. அதிலும் சிலர் காசு வைத்தார்கள், தோற்றார்கள், மனைவிமாரிடம் பேச்சு வாங்கினார்கள். ஆனால் கடதாசியைக் குலைக்க வேண்டும், பிரிக்க வேண்டும், கேட்க வேண்டும். ஒருத்தன் தேத்தண்ணி குடிக்க எழும்புவான். இன்னொருத்தன், “காணும் மச்சான், விடு, நாளைக்குப் பாப்பம்” என்று தோளில் தட்டுவான். தோற்கிறவனுக்கு மூச்சு விடவும் வீட்டை நினைக்கவும் இடம் கிடைத்தது அந்த இடைவெளிகளில்தான். போனில் வந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் முதலில் களைந்தது அந்த இடைவெளியை. தோளில் தட்ட அங்கே ஆளில்லை.

இங்கிலாந்தில் இதைக் கொஞ்சம் முன்னரே விளங்கிக்கொண்டார்கள். இணையத்தில் பழம் சுழல்கிற ஆட்டங்களில் ஒரு சுழற்சி 2.5 வினாடிக்குக் குறையக்கூடாது என்று அங்குள்ள சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபரில் விதி போட்டது. தானாகவே சுழல விடுவதையும் நிறுத்தியது. 2025 ஜனவரியில் மற்றக் கசினோ ஆட்டங்களுக்கு 5 வினாடி என்றது. வினாடியில்தான் விசயம் இருக்கிறது என்று கண்டவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் நீதிபதி சந்துரு தலைமையில் 2022 இல் குழு அமைத்தார்கள், சட்டம் கொண்டுவந்தார்கள், ஆளுநர் திருப்பி அனுப்ப மறுபடியும் நிறைவேற்றினார்கள், 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ஆனால் காசுக்கு ரம்மி ஆடுகிறவர்களுக்காக 2025 இல் அங்கே வந்த விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்றும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை என்றும் நேரத்தைத்தான் அளந்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை முழுதாகவே தடை செய்தது. இங்கே நம்மிடம் இருந்தது 1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். சூதாடும் இடத்தைக் கண்டுபிடித்துப் பிடிக்கிற சட்டம் அது. அதற்கும் நம்மைப் போலவே பாய் தேவைப்பட்டது. 2025 இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டம் வந்தது. அது நாவற்குடாவில் ஒரு பிள்ளையின் போனுக்குள் எப்போது எட்டும் என்று காத்திருந்தால், அந்தக் காத்திருப்பும் அசட்டைக் கணக்கில்தான் சேரும்.

நுண்கடன் விசயத்தில் இந்த ஊர்கள் இப்படிக் கிடக்கவில்லை. கடன் வசூலிக்கிறவன் மோட்டார் சைக்கிளில் படலைக்கு வந்தான், நின்றான், கத்தினான். அக்கம்பக்கம் கண்டது. பெண்கள் கூடிப் பேசினார்கள், வீதிக்கு இறங்கினார்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. இந்த ஆட்டத்தில் படலைக்கு யாரும் வருவதில்லை. காசு வங்கி அப்பிலிருந்தோ போன் பணப்பையிலிருந்தோ ஏஜென்ட் ஒருவரின் கணக்குக்குப் போகிறது. அந்த ஏஜென்டை யாரும் நேரில் கண்டதில்லை. டெலிகிராமில் ஒருவன் விமானம் எப்போது மறையும் என்று முன்கூட்டியே சொல்கிற அப் என்று ஒன்றை விற்பான், அதற்கும் காசு. கடைசியில் படலைக்கு வருகிறவன் மீற்றர் வட்டிக்காரன். அப்போதும் வீட்டுக்காரர், “மகன் யாருக்கோ பிணை நின்றிட்டான்” என்று சொல்வார்கள். நாமும் நம்புவோம், நம்பினால் மேலே கேட்கத் தேவையில்லை என்பதால். மகன் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். மருமகனும், சம்பளம் எடுக்கிற அரச உத்தியோகத்தரும், கணவன் வெளிநாட்டிலிருக்கப் பகலில் தனியே இருக்கிற பெண்ணும் இதற்குள் உண்டு.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் தருமர் சூதில் தோற்றுக் காட்டுக்குப் போகிற கதை நமக்கு மனப்பாடம். வடமோடிக் கூத்தில் விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். எப்போதும் தருமரையும் சகுனியையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். சபையில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து தரையைப் பார்த்தார்களே, நம்முடைய பாகம் அதுதான். அங்கே விதுரராவது வாய் திறந்தார்.

வாய் திறக்க வேண்டிய இடங்கள் நம்மிடம் இருந்தன. அறநெறி வகுப்பில் கள்ளும் காமமும் பேசி, சூதைத் திருக்குறள் அதிகாரத்தோடு முடித்துக்கொண்டோம். விளையாட்டுக் கழகத்துப் பெடியள் ரீவியில் கிரிக்கெட் பார்க்கும்போது எல்லைக்கோட்டுப் பலகையில் ‘விளையாட்டுச் செய்தித் தளம்’ என்ற பெயரில் பந்தயக் கம்பனிகளின் விளம்பரம் ஓடியது; கூட இருந்து பார்த்தோம், அது என்னவென்று சொல்லவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் வடிகான், வீதி விளக்கு, நுளம்பு எல்லாம் நிகழ்ச்சி நிரலில் ஏறின. இது ஏறவில்லை. எழுதுகிறவர்கள் போதைப்பொருள் பற்றி எழுதினோம், எழுதத்தான் வேண்டும், அதில் மணமும் ஊசியும் பொலிஸும் இருப்பதால் எழுத வசதியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சூதாட்டப் பழக்கத்தைப் போதைப் பழக்கங்களோடு ஒரே தொகுதியில் வைத்து நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம்முடைய ஊர்ப் பேச்சில் அது இன்னும் ‘கெட்ட பழக்கம்’, ‘வளர்ப்புச் சரியில்லை’. வீட்டுக்காரர் மூடி மறைப்பதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். அந்தப் பேச்சைப் பேசியதும் நாம்தான்.

இனிச் செய்ய வேண்டியதில் பெரிய வித்தை இல்லை. ‘எவ்வளவு நேரம் விளையாடினாய்’ என்பதை விட்டுவிட்டு ‘எத்தினை தரம் காசு கட்டினாய்’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அடிக்காதீர்கள், அடி வாங்கியவன் அடுத்த தரம் வட்டிக்காரனிடம்தான் போவான். வங்கிக் கணக்கின் சிட்டையைக் கூட இருந்து பாருங்கள், இருநூறும் ஐந்நூறுமாக ஒரே நாளில் பல தரம் போயிருந்தால் அதுதான் அடையாளம். ஆசிரியர்மார் அந்த 97 வீதக் கணக்கை இந்தத் தவணையிலேயே பலகையில் போடுங்கள், பத்து நிமிசம் காணும். கோயில் நிருவாகங்களும் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் வடிகானுக்கு முன்னர் இதை எடுங்கள். யாராவது ஒரு வீட்டில் இது வெளியே வந்தால், அந்த வீட்டைப் பற்றிக் கதைக்காமல் அந்த வீட்டுக்குப் போங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய உளநல உதவிச் சேவையின் இலக்கம் 1926, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். 1333 இன்னோர் உதவி இலக்கம், அதற்கு எடுத்தால் காசும் இல்லை.