எஃப்8 இல்லாத மேஜை

பால்டர்ஸ் கேட் 3 வந்தாச்சு, இனிமே நாலு பேர் மேஜையைச் சுத்தி உக்காந்து பகடை உருட்டி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வேண்டியதே இல்லைன்னு ஒரு கூட்டம் சுத்துது. த்ரெட்.

2023-ன் அருமையான கேம். நானே தூக்கம் தொலைச்சு ஆடினவன்தான். ஆனா மேஜைக்கு மாற்றா? சான்ஸே இல்ல.

5-ம் பதிப்பு விதிப்படி, பகடைல 1 விழுந்தாலே தோல்விங்கறது பூட்டு திறக்கறதுக்குப் பொருந்தாது. லாரியன் பொருத்திட்டாங்க. அதனால கைதேர்ந்த திருடன்கூட 20-ல ஒரு தடவை சாதாரணப் பூட்டுல சொதப்புவான். 20 அபெண்டிக்ஸ்ல ஒண்ணு சொதப்புற சர்ஜன்கிட்ட நீங்க போவீங்களா?

சரி, சொதப்பினா என்ன பண்றோம்? எஃப்8 தட்டி பழைய சேவுக்கு ஓடறோம். மேஜைல எஃப்8 கிடையாது. டன்ஜன் மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசிச்சு, "பூட்டு திறந்துடுச்சு, ஆனா சத்தத்துல உள்ளே யாரோ முழிச்சுட்டாங்க"ம்பார். அன்னிக்கு ராத்திரி ஆட்டமே அங்கதான் சூடு பிடிக்கும்.

"ஹானர் மோட்ல ஒரே சேவ்தானே டாக்டர்"னு வராதீங்க. அது தண்டனையைத்தான் கூட்டுது. தோத்தா வேற காட்சி சில இடத்துல எழுதி வெச்சிருக்காங்க, உண்மைதான். எழுதாத ஒண்ணை நீங்க கேட்டா, பதில் சொல்ல அங்க ஆள் இல்ல.