உச்சிக்கு மேலே எங்கே போகும்?

வெள்ளிமலை பக்கத்தில் என் மாமா வீடு. முன்னாடி அங்கே ஃபேனே கிடையாது. போன கோடையில வாங்கிட்டாங்க. மலையும் சூடாயிடுச்சுன்னு அத்தை சொன்னாங்க. நமக்கு ஃபேன் இருக்கு, குருவிக்கு?

சூடு ஏறினால் குளிர்ச்சியில் வாழும் பறவைகள் இன்னும் மேலே போகும். பெரிய கல்வராயனே சுமார் 4000 அடிதான். அதுக்கு மேல வானம்தான்! பெரு நாட்டில் ஒரு மலையில் 1985-ல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-ல் திரும்பப் போய்ப் பார்த்தால், உச்சியில் மட்டும் வாழ்ந்த சில பறவைகளைக் காணவே காணோம்.

"பறக்குதுல்ல, வேற மலைக்குப் போகட்டுமே" என்றாள் என் தோழி. எல்லாம் போகாது. நீலகிரி சோலைக்கிளி உயரமான சோலைக்காட்டு நிழலில்தான் வாழும். வெயில் அடிக்கிற சமவெளியைத் தாண்டி வராது.

உலகச் சூட்டை நம்ம ஊர் மட்டும் குறைக்க முடியாது. ஆனா ஓடைக்கரை மரங்களை வெட்டாம விடலாம், அங்கேதான் குளிர்ச்சி மிச்சம் இருக்கு. பங்குனியில் காய்ந்த புல்லுக்கு வைக்கிற தீ காட்டுக்குள்ளே போயிடுது. அதை நிறுத்தணும் என்பது என் கருத்து. மாமாவும் வைப்பார். அவர்கிட்டயே சொன்னேன், சிரிச்சார். இந்த வருஷம் என்ன பண்றார்னு பார்க்கப் போறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி