தற்கொலை எண்டு சொல்லாதேங்கோ

திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையொதுங்கும்போதெல்லாம் ஒரு சொல்லும் கூடவே வந்து ஒதுங்கும்: தற்கொலை. 'கூட்டம் கூட்டமாகத் தற்கொலை செய்யும் திமிங்கிலங்கள்' எண்டு ஒரு தலைப்பு, கீழே ஒரு படம், கடைசியில் 'காரணம் மர்மம்'. அவ்வளவுதான். நாங்களும் அழுகிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவோம்.

எனக்கு அந்தச் சொல்லோடுதான் பிரச்சினை.

2020 நவம்பர் 2ஆம் திகதி பின்னேரம் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் வந்து ஏறின. அப்போது கொரோனா காலம், மேல் மாகாணம் முழுக்க ஊரடங்கு. அந்த நிலையிலும் ஊர்ப்பெடியள், உயிர்காப்பு நீச்சல்காரர், கடற்படை, கரையோரப் பாதுகாப்புப் பிரிவினர் எல்லாரும் இரவிரவாகக் கடலுக்குள் நின்று அதுகளைத் தள்ளினார்கள். ஜெட் ஸ்கியில் கட்டியும் இழுத்தார்கள். விடியும்போது ஒரு சிலதைத் தவிர மற்றதெல்லாம் ஆழக்கடலுக்குத் திரும்பிவிட்டன. அதற்கு ஆறு கிழமைக்கு முன்னர்தான் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் ஏறத்தாழ 470 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கி, 380 அளவில் செத்துப்போயிருந்தன. அதோடு ஒப்பிட்டால் பாணந்துறையில் நடந்தது சின்ன வேலை இல்லை.

பைலட் திமிங்கிலம் எண்டு பெயர் இருந்தாலும் அது டொல்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆழக்கடலில் கணவாய் பிடித்துத் தின்று வாழும். தாய், பிள்ளை, பேரப்பிள்ளை எண்டு தாய்வழியாகச் சேர்ந்தே திரியும். பெண் திமிங்கிலங்கள் பிள்ளை பெறுகிற வயது முடிந்த பிறகும் பல வருசம் உயிரோடு இருக்கும். உலகத்தில் மனிசரையும் வேறு சில திமிங்கில இனங்களையும் விட்டால் இப்படி வாழ்கிற பாலூட்டிகள் மிகக் குறைவு. சுருக்கமாகச் சொன்னால், அந்தக் கூட்டத்துக்குள் அம்மம்மாக்கள் இருக்கிறார்கள்.

ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் அதுகள் வழி பார்க்கும். மெல்ல மெல்லச் சரிகிற மணற்கரையில் அந்த எதிரொலி சரியாகத் திரும்பி வராது. வருத்தம் வந்த ஒன்றோ, இரையைத் துரத்திய ஒன்றோ கரைக்கு அண்மையில் வந்து மாட்டினால் மற்றதுகள் அதை விட்டுவிட்டுப் போகாது. 2016 சனவரியில் தமிழ்நாட்டின் மணப்பாடு, திருச்செந்தூர்க் கரைகளில் எண்பதுக்கு மேல் ஒதுங்கியபோது மீனவர்கள் வள்ளங்களில் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். விட்டதுகளில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. அதே கரையில் 1973 சனவரியிலும் 147 ஒதுங்கியிருக்கின்றன.

'பார், சாகத்தானே திரும்பி வருது' எண்டு சொல்லலாம். ஆனால் தன்ர ஆக்கள் கரையில் கிடந்து கூப்பிடும்போது தான் மட்டும் தப்பிப் போக ஏலாமல் திரும்பி வருவதற்குப் பெயர் தற்கொலையா? எங்கட சனத்தில் அப்படித் திரும்பிப் போனவர்களை நாங்கள் அந்தச் சொல்லால் சொல்லுவோமா?

அந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தற்கொலை எண்டால் வேறு ஒருவரும் பொறுப்பில்லை. விசாரிக்கத் தேவையில்லை. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கிலங்களும் டொல்பின்களும் ஒதுங்கின. செத்ததுகளின் உடலை வெட்டிப் பார்த்தபோது காதைச் சுற்றி இரத்தக் கசிவு இருந்தது. கடைசியில் அமெரிக்கக் கடற்படையே பங்கெடுத்த அறிக்கையில், தங்கட கப்பல்களின் சோனார்தான் பெரும்பாலும் காரணம் எண்டு ஏற்றுக்கொண்டார்கள். ஒருவரும் வெட்டிப் பார்த்திராவிட்டால் அதுவும் 'மர்மம்'தான்.

எல்லாத்துக்கும் மனிசரைக் குற்றம் சொல்லவும் வரவில்லை. சோனாரும் இயந்திரக் கப்பலும் இல்லாத காலத்திலேயே டொல்பின்கள் கரையேறுவதைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் காரணம் வேறாக இருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும் என்கிறேன்.

'மனிசருக்கே நாதியில்லை, இதுக்குள்ள திமிங்கிலமா?' எண்டு கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கட இடத்தில் அது நியாயமான கேள்விதான். அதற்கு நான் சம்பூரைத்தான் காட்டுவேன். 2006இல் சனம் முழுக்க இடம்பெயர்ந்த ஊர். முகாம்களில் வருசக்கணக்காகக் கிடந்து, 2015, 2016இல்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன. அந்தக் காணிகளில் ஒரு பகுதி கடற்படை முகாமாக இருந்தது. அடுத்த வருசமே, 2017இல், அந்தக் கரையில் இருபது அளவில் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஊர்ச்சனமும் கடற்படையும் சேர்ந்துதான் அதுகளைக் கடலுக்குத் தள்ளினார்கள். அதனால் பழைய கணக்கு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. காணியைக் கேட்ட சனத்துக்குத் திமிங்கிலத்தைத் தள்ளவும் நேரம் இருந்தது, அவ்வளவுதான். இரக்கம் ரேஷனில் தருகிற சாமான் இல்லை, இங்கே கொடுத்தால் அங்கே குறைய.

ஆனால் இரக்கம் மட்டும் காணாது, கொஞ்சம் அறிவும் வேணும். வாலில் பிடித்து இழுத்தால் முள்ளந்தண்டு பழுதாகும். தலைக்கு மேலே இருக்கிற மூச்சுத் துளைக்குள் தண்ணியோ மணலோ போனால் மூச்சு அடைக்கும். அந்தத் துளையை விட்டுவிட்டு உடம்பில் ஈரத்துணி போட வேண்டும். வெயிலில் கிடந்தால் அதன் கொழுப்பே அதை அவித்துவிடும். ஒவ்வொன்றாக விட்டால் திரும்பி வரும், ஏலுமானவரை கூட்டமாகவே விட வேண்டும். செல்ஃபிக்கு மேலே ஏறக்கூடாது. இதையெல்லாம் கரையோரப் பள்ளிக்கூடங்களிலும் மீனவர் சங்கங்களிலும் ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம். செத்ததைப் புதைக்க முதல் ஏன் செத்தது எண்டு பார்த்து, அதைத் தமிழிலும் சிங்களத்திலும் சனத்துக்குச் சொல்லச் சொல்லி வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்கலாம்.

அடுத்த முறை எந்தக் கரையோ தெரியாது. மன்னாராக இருக்கலாம், முல்லைத்தீவாக இருக்கலாம். அந்தப் படம் உங்கட போனுக்கு வரும்போது பகிர முதல் மேலே இருக்கிற சொல்லை ஒருக்கால் பாருங்கோ. 'தற்கொலை' எண்டு இருந்தால் அதை வெட்டிவிட்டு, 'ஏன்?' எண்டு எழுதிப் பகிருங்கோ.