காய் வர்றதுக்கு முன்னாடியே காசு கொடுக்கணுமா? கொடுங்கன்னுதான் சொல்றேன்

1) ஊர் ஓரத்துல இருக்கிற ஒரு பண்ணையில "காய்கறிப் பங்கு" சேரச் சொல்றாங்க, மூணு மாசப் பணத்தை முன்கூட்டியே கேக்கறாங்க, சேரலாமா டாக்டர்னு ஓபியில சிலர் கேட்டாங்க. "ஆர்கானிக்னா உடம்புக்கு நல்லதுதானே?" என்பதுதான் அவங்க எல்லாரோட கேள்வியும். என் பதில்: சேருங்க. ஆனா சேர்றதுக்கான காரணம் அது இல்ல. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2) முதல்ல இது என்னன்னு பார்த்துடலாம். ஆப்ல ஆர்டர் பண்ணா காய் வருதே, அது வேற, இது வேற. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு பண்ணையோட சாகுபடிச் செலவைப் பிரிச்சுக் கட்டிடுவாங்க. விளையறதைப் பங்கு போட்டு வாரத்துக்கு ஒரு பை வரும். நல்லா விளைஞ்சா பை கனமா இருக்கும். மழையில அழிஞ்சா பை இளைச்சுப் போயிரும். பணத்தைத் திருப்பிக் கேக்க முடியாது. நிலத்தை வாரத்துக்கு விடுறது நமக்குத் தெரிஞ்சதுதான், அதுல நிலத்துக்காரர் விளைச்சலில் பங்கு எடுப்பார். இதுல சாப்பிடறவங்க பங்காளி.

3) இது நேத்து வந்த ஃபேஷன் கிடையாது. ஜப்பான்ல 1970-களின் தொடக்கத்துல, பூச்சிமருந்துக்கும் கலப்படத்துக்கும் பயந்த குடும்பங்கள் நேரா விவசாயிகளோட கைகோத்தாங்க. அதுக்குப் பேர் "தெய்கெய்". 1978-ல அதுக்குப் பத்து விதிகள் எழுதினாங்க. அதுல ஒண்ணு: ரெண்டு தரப்பும் பேசி முடிவு பண்ணி விளைவிச்சதை, சாப்பிடறவங்க முழுசா வாங்கிக்கணும். அமெரிக்காவுல 1986-ல மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷையர் ரெண்டு மாநிலத்துலயும் இந்த மாதிரிப் பண்ணைகள் தொடங்கிச்சு.

4) முன்பணம் எதுக்கு? விவசாயிக்குக் காசு தேவைப்படறது அறுவடையப்ப இல்ல, விதைக்கும்போது. ஆடிப் பட்டத்துக்கு உழவு ஓட்டணும், விதை வாங்கணும், ஆள் கூலி கொடுக்கணும். அந்த நேரத்துலதான் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகுது. விளைஞ்சு வரும்போது விலை என்னன்னு யாருக்கும் தெரியாது. 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அதே தக்காளியைப் பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாம ரோட்டோரம் கொட்டிட்டுப் போன காட்சியையும் நாம பார்த்திருக்கோம். ரெண்டு பக்கமும் அடி வாங்குறது விளைவிக்கிறவர்.

5) "அதான் உழவர் சந்தை இருக்கே?" இருக்கு, நல்ல திட்டம். 1999-ல மதுரையில தொடங்கினது. இடைத்தரகர் இல்லாம விவசாயியே விற்கலாம். ஆனா அங்கேயும் காய் விளையலைன்னா நஷ்டம் அவருக்குத்தான். காலையில கொண்டு வந்தது விக்காம வாடினாலும் அவருக்குத்தான். பங்குத் திட்டம் மாத்தறது அந்த ஒரு விஷயத்தைத்தான்: நஷ்டத்தைப் பல வீடு பிரிச்சுக்குது. ஒரு குடும்பத்துக்கு அது ஒரு வாரம் இளைச்ச பை. விவசாயிக்கு அது நகை மீளுமா, முழுகுமா என்கிற கேள்வி.

6) இப்ப என் வேலைக்கு வரேன். ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில, 2000 கலோரி தட்டுக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய் சொல்லியிருக்காங்க. நாலு பேர் வீட்டுக்குக் கணக்குப் போடுங்க: வாரத்துக்கு 11 கிலோ 200 கிராம். உங்க வீட்டுல போன வாரம் எத்தனை கிலோ காய் வாங்கினீங்க? உருளைக்கிழங்கைக் கழிச்சுட்டு சொல்லுங்க.

7) நம்ம தட்டு எப்படி இருக்கு? சோறு மலை மாதிரி, ஓரத்துல ரெண்டு ஸ்பூன் பொரியல். "காய் நிறைய சாப்பிடுங்க"ன்னு நான் ஓபியில சொல்றது ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சு போற அறிவுரை. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிபி மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. காய் வரலையே! பணம் கட்டி, பை வாசல்ல வந்து நின்னுட்டா, சமைச்சுத்தான் ஆகணும். கடையில நம்ம கை போகாத கொத்தவரங்காய், பீர்க்கங்காய், தண்டுக்கீரை எல்லாம் அப்படித்தான் அடுப்புக்கு வரும். டாக்டரா எனக்கு இதுதான் பெரிய காரணம்.

8) அதே சமயம், தப்பான நம்பிக்கையோட போகாதீங்க.
• இயற்கைக் காய் சாப்பிட்டா சுகர் குணமாகாது. மாத்திரையை, இன்சுலினை நிறுத்தாதீங்க.
• கிட்னி பாதிப்பு, டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்குக் கீரை, முருங்கைக்கீரை, வாழைக்காய்ல இருக்கிற பொட்டாசியம் ஆபத்தாகலாம். அளவை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.
• இதய வால்வு மாத்தி வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை எடுக்கிறவங்க கீரையைத் திடீர்னு கூட்டவோ குறைக்கவோ கூடாது. வைட்டமின் கே அந்த மருந்தோட வேலையைக் குறைக்கும். ஒரு வாரம் நாலு கட்டு, அடுத்த வாரம் ஒண்ணுமில்லைன்னு பை வந்தா, வீட்டுல பிரிச்சுக்கங்க. உங்க அளவு ஒரே மாதிரி இருக்கட்டும்.
• மருந்தடிக்காத காயா இருந்தாலும் மண்ணு இருக்கும். ஓடுற தண்ணியில நல்லா கழுவுங்க.

9) நியாயமான ஒரு எதிர்ப்பு இருக்கு. மூணு மாசப் பணத்தை மொத்தமா எடுத்து வைக்க யாரால முடியும்? அன்னன்னைக்குக் கூலி வாங்கி அன்னன்னைக்குக் காய் வாங்குறவங்களால முடியாது. என் ஓபி வரிசையில நிக்கறவங்கள்ல நிறைய பேர் அவங்கதான். காய் விளைவிக்கிறவங்களும் அதே வரிசையில நிக்கறாங்க. நல்ல காய் சந்தைக்குப் போயிடும், வீட்டுல சோறும் ரசமும். இந்தத் திட்டம் அபார்ட்மெண்ட் வாசலோட நின்னுட்டா, ஏற்கெனவே காய் சாப்பிடறவங்க இன்னும் நல்ல காய் சாப்பிடுவாங்க. அவ்வளவுதான் நடக்கும்.

10) வழி இல்லாம இல்ல. நியூ ஹாம்ப்ஷையர்ல 1986-ல தொடங்கின டெம்பிள்-வில்டன் பண்ணையில பங்குக்கு ஒரே விலை வைக்கல. வருஷச் செலவை உறுப்பினர்கள் முன்னாடி வைப்பாங்க, அவங்கவங்க முடிஞ்சதை ஏத்துக்குவாங்க, மொத்தம் செலவுக்கு வந்தா போதும். வேற சில பண்ணைகள்ல பங்குப் பணத்துக்குப் பதிலா வேலை செஞ்சு கழிக்கலாம். நம்ம ஊர்ல மகளிர் சுயஉதவிக் குழு சேர்ந்து ஒரு பங்கு எடுத்து, வாரத் தவணையில கட்டலாம். வசதி இருக்கிறவங்க ஒண்ணேகால் பங்குக்குக் கட்டினா, ஒரு வீட்டுக்குக் கால் பங்கு போகும். இதைத் தர்மம்னு சொல்ல வேண்டாம். கணக்குலேயே எழுதிடலாம்.

11) சேர்றதுக்கு முன்னாடி பண்ணைக்காரர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. எந்த மாசம் என்னென்ன காய் வரும்? பயிர் அழிஞ்சா என்ன ஏற்பாடு? தோட்டத்தை நாங்க வந்து பார்க்கலாமா? சீசன் முடிஞ்சதும் வரவு செலவு காட்டுவீங்களா? சமவெளிப் பண்ணையில வருஷம் பூரா கேரட்டும் காலிஃபிளவரும் தரேன்னு சொன்னா சந்தேகப்படுங்க. மார்க்கெட் காயை வாங்கிச் சொல்லாம பையில போட்டா, வெளியே வந்துடுங்க.

12) ஐப்பசி, கார்த்திகை மழையில தக்காளியும் கீரையும் அழுகி, பையில ஒரு துண்டு பூசணியும் நாலு வாழைக்காயும் மட்டும் வர்ற வாரம் கண்டிப்பா ஒண்ணு வரும். அன்னைக்கு போன் பண்ணி சண்டை போடுவீங்கன்னா இதுல சேர வேண்டாம், கடையிலயே வாங்கிக்கலாம், தப்பில்ல. "சரிங்க, அடுத்த வாரம் பார்ப்போம்"னு சொல்ல முடியும்னா, முதல் தடவை அரைப் பங்கு எடுத்து மூணு மாசம் பாருங்க. மீதிக் காயைக் கடையில வாங்கிக் கணக்கை 11 கிலோவுக்குக் கொண்டு வாங்க.