ஊராட்சி அலுவலகத்தோடு நிற்கும் இணையம்



ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2011-இல். பாரத்நெட் என்று பிறகு பெயர் மாறிய அந்தத் திட்டத்தில், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இணைப்பு என்பது இலக்கு. எங்கள் பகுதியில் அது ஊராட்சிக் கட்டடத்தோடு நின்றுவிட்டது. கருவிகள் இருக்கும் அறை பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. கரண்ட் போனால் யு.பி.எஸ். பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. ரேஷன் கடைக்காரர் இன்னும் விரல்ரேகைக் கருவியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிப் புளியமரத்தடிக்கு வருகிறார்; வரிசையும் அவர் பின்னாலேயே நகர்கிறது.

மலையோரத்தில் ஐந்தாறு குக்கிராமங்கள் சேர்ந்துதான் ஓர் ஊராட்சி. ‘இணைக்கப்பட்ட ஊராட்சி’ என்று கணக்கில் ஏறினால் அவையும் சேர்ந்தே ஏறிவிடுகின்றன. எத்தனை வீட்டில், எத்தனை பள்ளியில் இணையம் ஓடுகிறது என்றல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்?

ஊராட்சிக் கட்டடத்திலிருந்து வீடுகள் வரையிலான கடைசி இரண்டு கிலோமீட்டருக்குப் புதிதாக ஆள் தேட வேண்டாம். கேபிள் டி.வி. நடத்துபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏணியும் இருக்கிறது, எந்த வீட்டில் யார் என்பதும் தெரியும். நியாயமான வாடகைக்கு அவர்களிடம் இழையை விடலாம். பள்ளி, துணை சுகாதார நிலையம், ரேஷன் கடை மூன்றுக்கும் முதலில் தரட்டும். கேரளம் 2023-இல் தொடங்கிய கே-போன் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பே அறிவித்தார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு போன் நம்பரையாவது அந்தப் பூட்டிய கதவில் எழுதி வைக்கலாமே.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்