சிறுதேர் புனைதல்

மோட்டார் வண்டிகளின் மாதிரியுருக்களைச் சிறு சிறு பாகங்களாக வாங்கி, ஒட்டி, வர்ணந் தீட்டி, மேசைமீது நிறுத்தி மகிழ்வாரைக் கண்டு உலகத்தார் நகைப்பது இயல்பே. ‘ஏறிச் செல்லவும் உதவாது, விற்றுப் பொருளீட்டவும் உதவாது. பத்தொன்பது வயது நிரம்பியவனுக்கு இஃதொரு வேலையா?’ என்று எம் தந்தையார் சென்ற கோடை விடுமுறையில் வினவினார். புத்தகம் வாங்குதற்கென்று அவர் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி ஜப்பானியப் பெட்டியொன்றாக மாறியிருந்தமையின், அப்பொழுது யாம் வாய் திறந்திலேம். அன்று சொல்லாது விட்ட மறுமொழியையே இங்கு எழுதப் புகுந்தேம்.

தமிழ் பயில்வார்க்கு இப்பொருள் அயலானதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர். பட்டினப்பாலையிலோ, உலர்த்திய தானியத்தைக் கவரவந்த கோழியின்மீது மகளிர் வீசிய காதணி, குதிரையின்றிப் பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரத் தேரை வழிமறிக்கின்றது. அப்பாட்டைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் உழவரில்லத்துப் புதல்வர் தேருருட்டி இளைத்த செய்தியையும் கூறுகின்றார். ஆங்கு அவர் வைத்துள்ள நுட்பமொன்று எம் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை. அத்தேர், தச்சருடைய பிள்ளைகளே கண்டு ஆசைப்படும்வண்ணம் செய்யப்பட்டதாம். உளியும் இழைப்புளியும் சூழ வளரும் பிள்ளைகள் ஒரு மரப்பொம்மைக்கு எளிதில் மயங்குவாரல்லர். அவரும் விரும்பினர் எனின், அத்தேரின் வேலைப்பாடு எத்தகையதாதல் வேண்டும்! ஏறிச் செல்லுதற்காகாத தேர் அது என்பதனைப் புலவர் அறிந்தே கூறினார். அறிந்தும் அதனை நல்ல தேர் என்றார். எம் தந்தையார் குற்றமாகச் சொன்னதனை அவர் குற்றமாகக் கொண்டிலர்.

குழந்தை உருட்டுந் தேரும் இளைஞன் புனையும் மாதிரியும் ஒன்றாகுமோ எனின், ஆகா. முன்னது உருளுதற்கென்று செய்யப்படுவது. பின்னது உள்ளதை உள்ளவாறு காட்டுதற்கென்று செய்யப்படுவது. மாதிரி வண்டிகள் பெரும்பாலும் இருபத்துநான்கில் ஒன்று அல்லது இருபத்தைந்தில் ஒன்று என்னும் அளவில் அமைவன. நான்கரை மீட்டர் நீளமுள்ள வண்டி பின்னைய அளவில் 18 சென்டிமீட்டராகச் சுருங்கும். சுருங்குவது நீளம் மட்டுமன்று; கதவின் இடைவெளியும் கைப்பிடியின் தடிப்பும் அவ்வளவிலேயே சுருங்குதல் வேண்டும். ஒரு பூச்சு வர்ணம் மிகுந்தாலும் அவ்விடைவெளி தூர்ந்துபோம்.

பெட்டியைத் திறந்தால், பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் வார்த்த சட்டங்களில் பாகங்கள் காய்த்துத் தொங்குவனபோல் இருக்கும். அவற்றைக் கத்தரித்தெடுத்து, காம்பின் வடுவை உப்புத்தாளால் தேய்த்து, பொருத்திப் பார்த்து, அதன்பின்னரே ஒட்டுதல் வேண்டும். இதற்குரிய பசை நம் மைதாப் பசைபோல் இடையே நின்று பற்றுவதன்று. இருபாகத்தின் விளிம்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகி மறைவது. (எம் வகுப்பு நண்பர் ஒருவர் இதனைத் திரிபுப் புணர்ச்சி என்றார்.) வெள்ளிபோற் பளபளக்கும் பூச்சுடைய பாகங்களில், ஒட்டுமிடத்தைச் சுரண்டினாலன்றி அப்பசை பற்றாது. வர்ணத்தையோ மெல்லிய பூச்சாகப் பலமுறை தெளித்து, ஒவ்வொரு முறையும் உலர விடுதல் வேண்டும். பொறுமை என்பது யாதென்று பலர் எமக்கு உபதேசித்துள்ளனர்; உலராத பூச்சின்மேற் பதிந்த எம் கட்டைவிரல் ரேகையே அதனை எமக்குக் கற்பித்தது.

எம் முதல் வண்டி கெட்ட வரலாற்றையும் மறைக்கவேண்டுவதில்லை. தேர்வுக்கு முன்னர் முடித்துவிடவேண்டுமென்னும் அவசரத்தால், உரிய பசையை விடுத்து, நொடியிற் பற்றும் சூப்பர் குளூவைக் கொண்டு முன்கண்ணாடியைப் பொருத்தினேம். காலையிற் பார்க்க, அதன் ஆவி படிந்து, கண்ணாடி முழுதும் மார்கழிப் பனி மூடினாற்போல் வெளிறிக் கிடந்தது. இருபது நாள் உழைப்பு ஓரிரவிற் கெட்டது. அவ்வண்டி இன்றும் எம் மேசைமீது உண்டு. கண்ணாடியைப் பற்றி வினவுவார்க்கு, அது மலைப்பாதையிற் பனியினூடே செல்லும் வண்டி என்று சொல்லி வருகின்றேம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்பார்க்கு இரண்டு செய்திகள் கூறுவேம். ஜப்பான் நாட்டு டாமியா நிறுவனத்தின் தலைவராயிருந்த ஷுன்சாகு டாமியா, போர்ஷே வண்டியின் மாதிரி செய்யக் கருதியபோது, மெய்யான போர்ஷே ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். பன்னிரண்டில் ஒன்று என்னும் அளவில் அம்மாதிரி 1976-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறியதொன்றை உண்மையாகச் செய்தற்குப் பெரியதனை முழுதும் அறிதல் வேண்டும் என்று கருதினார் போலும்.

மற்றொன்று அமெரிக்க நாட்டது. ஃபிஷர் பாடி நிறுவனத்தார் 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கென ஒரு கைவினைப் போட்டி நடத்தினர். தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரைவண்டியின் மாதிரியைச் செய்யவேண்டியிருந்தது; பின்னர் இளைஞர் தாமே கற்பனை செய்த மோட்டார் வண்டியின் மாதிரியைச் செய்தனுப்பினர். வென்றார்க்குப் பரிசாகக் கிடைத்தது கல்லூரிக் கல்விக்கான உதவித்தொகை. 1947-ஆம் ஆண்டில் வென்ற சார்லஸ் ஜார்டன் என்பார் அப்பொழுது ஏறத்தாழ எம் அகவையினரே. அவர் 1986-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். அப்போட்டி ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தமை அதன் பெருங்குறை. எம் தமக்கையார் கோலமிடும் கையின் நிதானம் எமக்கு வாய்த்திருப்பின், மேற்சொன்ன கட்டைவிரல் ரேகை பதிந்திராது.

இனி, பெட்டியைப் பிரியாமலே அடுக்கி வைப்பார் சிலர் உளர். பழைய பெட்டி திறவாதிருப்பின் அதற்கு விலை மிகும் என்பது அவர் கணக்கு. அச்சு அழிந்தும் உற்பத்தி நின்றும் போனவற்றிற்கு அப்பெட்டிகளே சான்றாக நிற்றலால், அவரை முழுதும் பழித்தல் தகாது. ஆயினும், 1958-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தார் ஒரே பெட்டியிலிருந்து மூவகை வண்டிகளுள் விரும்பியதைச் செய்துகொள்ளுமாறு பாகங்களை அமைத்தது, இளைஞன் தன் விருப்பப்படி தேர்ந்து செய்தற்கன்றோ? அதனைப் பிரியாது பூட்டி வைப்பது, ஏட்டுச் சுவடியைக் கட்டவிழாமலே பூசிப்பதனோடு ஒக்கும். அவ்வழக்கத்தால் தமிழுலகம் இழந்த நூல்கள் எத்தனை என்பதனை எம் ஆசிரியர் சொல்லக் கேட்டு வருந்தியுள்ளேம்.

விலையைப் பற்றிய குறை மெய்யே. இப்பெட்டிகள் பெரும்பாலும் கடல் கடந்து வருதலின், விடுதியில் வாழும் மாணவன் அடிக்கடி வாங்கத்தக்கன அல்ல. தந்தையார் சினமும் அப்பகுதியளவில் நியாயமே. அப்பணத்தை யாம் இரண்டு மாதம் சிற்றுண்டி குறைத்து ஈடு செய்தேம். மிருச்சகடிகத்திற் பொன்தேர் வேண்டி அழுத சிறுவனுக்குக் கையிற் கிடைத்தது மண்தேர். வசந்தசேனை தன் அணிகளைக் கழற்றி அதில் இட்டு நிரப்பினாள். எமக்கு அத்தகையார் ஒருவரும் இலர். ஆகவே மண்தேரையே நாடினேம். எம் ஊரிற் புளியமரத்தடியில் ஓய்ந்து நிற்கும் அம்பாசிடர் ஒன்றைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அளந்து வந்து, அட்டையால் அதனைச் செய்யத் தொடங்கியுள்ளேம். 1958 முதல் 2014 வரை உருவான அவ்வண்டியை அறியாத தெரு நம் நாட்டிலுண்டோ? அளந்தபோது அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் எம் தந்தையாரே. பின்புறத்து வளைவை யாம் பிழையாகக் குறித்தபொழுது, ‘மறுபடியும் அள’ என்றார், வேறொன்றும் சொன்னாரில்லை.

கல்லூரித் தலைவரிடத்து எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இவ்வேலையை விடுதியறையிற் செய்யலாகாதென்னும் விதி சரியே. பசையும் வர்ணமும் கடுநாற்றமுடையன, எளிதில் தீப்பற்றுவன. ஆனால் தச்சுக்கூடத்தின் பின்தாழ்வாரம் காற்றோட்டமுள்ளது. சனிக்கிழமைப் பிற்பகலில் வெறிதே கிடப்பது. ஒரு நீண்ட மேசையும், நல்ல விளக்கொன்றும், மணல் நிரப்பிய வாளியொன்றும் போதும். கருவிகளை யாம் கொணர்வேம். எம்மோடு சேர்வதற்கு இப்பொழுதே எழுவர் பெயர் தந்துள்ளனர். அவருள் இருவர் கணித வகுப்பினர், ஒருவர் தச்சுக்கூடத்து மேஸ்திரியாரின் மகன்.