சாக வேண்டிய சர்வீஸைச் சாக விடுங்கள்

பின்னணியில் ஓடும் சர்வீஸ் எந்தப் பிழை வந்தாலும் நிற்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு ட்ரை-கேட்ச் போட்டு, வந்ததை லாகில் எழுதிவிட்டு மேலே ஓடவிட வேண்டும் என்று புரோகிராமர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். லாக் எழுதுவதில் எனக்கு மறுப்பே இல்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் பயனர் காணாத தனி செஷனில்தான் ஓடுகின்றன. அங்கே பிழைச் செய்தி காட்டினாலும் பார்க்க ஆளில்லை. 'மேலே ஓடவிடுவது' என்பதைத்தான் மறுக்கிறேன். எதிர்பாராத பிழை ஒன்று உச்சிவரை ஏறி வந்துவிட்டது என்றால், பாதி எழுதிய பதிவு, விடுவிக்காத பூட்டு, திருப்பித் தராத டேட்டாபேஸ் இணைப்பு என்று உள்ளே எது எப்படிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டாட்நெட் 6-க்கு முன்பு பேக்ரவுண்ட்சர்வீஸில் இப்படிப் பிழை வந்தால் வேலை செய்யும் லூப் சத்தமில்லாமல் செத்துவிடும், ஹோஸ்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நிலை 'ரன்னிங்' என்றே காட்டும், வேலை ஒன்றும் நடக்காது. 2021-இல் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றி, பிழையை லாகில் எழுதி ஹோஸ்டையே நிறுத்தும்படி செய்தது. நோட் ஜேஎஸ்ஸும் 2020-இல் 15-ஆம் பதிப்பில் இதே பக்கம் வந்துவிட்டது.

ஒரே கேட்ச் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்பதும் தவறு. டாட்நெட்டில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பிடிக்க முடியாது. மெமரி தீர்ந்து லினக்ஸ் கெர்னல் 'சிக்கில்' (SIGKILL) என்ற கொல்லும் சிக்னலை அனுப்பினால் ஒரு வரிகூட எழுத அவகாசமில்லை. அந்தச் சாவை வெளியிலிருந்துதான் பதிய முடியும்: லினக்ஸில் சிஸ்டம்டி, விண்டோஸில் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர். எப்படியும் அவை தேவை என்றால், மீண்டும் எழுப்பும் வேலையையும் அவற்றிடமே விடலாம். ஆனால் சாவு சாவாகத் தெரிய வேண்டும். சிஸ்டம்டியில் ரீஸ்டார்ட் 'ஆன்-ஃபெயிலியர்' என்று இருக்கும்போது, வெளியேறும் எண் 0 என்றால் அது எழுப்பாது. விண்டோஸிலும் ஒழுங்காக நின்றதாக அறிவித்துவிட்ட சர்வீஸை வழக்கமான அமைப்பில் மேனேஜர் திரும்பத் தொடங்காது. ஆகவே பிழையை முழு ஸ்டாக் ட்ரேஸோடு எழுதி, பஃபரில் நிற்கும் வரிகளை டிஸ்க்குக்குத் தள்ளி, எண் 1-உடன் வெளியேற வேண்டும். பஃபரை மறந்தால் மிகவும் தேவையான கடைசி வரிதான் தொலையும்.

ஒரு வாடிக்கையாளரின் கோளாறான பில்லுக்காக மற்றவர்கள் வேலை ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அந்தப் பிழை முன்கூட்டித் தெரிந்தது. அந்த இடத்திலேயே பிடித்து, பில்லைத் தனியே ஒதுக்கலாம். விழுவதும் எழுவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்குமே என்ற அச்சத்துக்கு சிஸ்டம்டியே வரம்பு வைத்திருக்கிறது: வழக்கமான அமைப்பில் 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க விடாது. அப்போது நிலை 'ஃபெயில்டு' ஆகிறது, ஆளை அழைக்கும் அலாரத்தை அதில் கட்டிவிடலாம்.